1950 உலகக் கோப்பை: வெறுங்காலோடு ஆடியதால்தான் இந்தியாவைச் சேர்க்கவில்லையா? உண்மையில் நடந்தது என்ன?

கால்பந்து உலகக் கோப்பை ஜூன் 11-ம் தேதி தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்துகின்றன. முதன்முறையாக 48 அணிகள், மொத்தம் 104 மேட்ச். வழக்கம்போல இந்தியா இல்லை. வழக்கம்போல அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டும் சுற்ற ஆரம்பித்துவிட்டது: 1950-ல் இந்தியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதாம், நம் வீரர்கள் பூட்ஸ் போடாமல் ஆடுவார்கள் என்பதால் ஃபிஃபா உள்ளே விட மறுத்துவிட்டதாம்.

இதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிதான் சிக்கல்.

நம்ம பக்கம் இந்தக் கதை ஏன் இவ்வளவு எடுபடுகிறது என்பது புரிகிறது. மல்லாங்கிணறு மாதிரி கரிசல் மண் ஊர்களில் கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூட கிரவுண்டிலும் வெறுங்காலோடு பந்து உதைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் வளர்ந்திருப்போம். ‘பூட்ஸ் வாங்க வழியில்லாததால வாய்ப்பு போச்சு’ என்றால் சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனா நடந்தது அது இல்லை.

வெறுங்கால் கதை எங்கிருந்து வந்தது?

லண்டனிலிருந்து. 1948 ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி முதன்முதலாகக் களம் இறங்கியது. ஜூலை 31-ம் தேதி, இல்ஃபோர்டு என்ற இடத்தில், பிரான்ஸுக்கு எதிராக. கேப்டன் நாகா மலைப் பகுதியைச் சேர்ந்த தாலிமெரென் ஆவ். நம் வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்.

பிரான்ஸ் 30-வது நிமிடத்தில் முதல் கோல் அடித்தது. 70-வது நிமிடத்தில் இந்தியா திருப்பி அடித்தது. அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது. கிரிக்கெட்டில் இப்படி ஒரு ‘முதல்’ இருந்திருந்தால் பள்ளிக்கூட வினாடி வினாவில் வருஷா வருஷம் கேட்டிருப்பார்கள். ராமன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அந்த மேட்ச்சில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. சைலன் மன்னா ஒன்றையும், மகாவீர் பிரசாத் ஒன்றையும் தவறவிட்டார்கள். 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட, 2-1 என்று கதை முடிந்தது. தோற்றாலும் பேர் கிடைத்தது. வெறுங்காலோடு இவ்வளவு ஆடுகிறார்களே என்று ஆங்கிலேய ரசிகர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மன்னாவின் கால் இரும்பா என்று பார்க்க, பேன்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லி மன்னர் ஆறாம் ஜார்ஜ் கேட்டாராம் என்றுகூட ஒரு கதை உண்டு. இப்படிக் கதை கதையாகச் சேர்ந்துதான் வெறுங்கால் என்பது இந்தியக் கால்பந்தின் அடையாளமாகவே மாறிப்போனது.

உலகக் கோப்பைக்கு இந்தியா எப்படித் தகுதி பெற்றது?

யாரையும் ஜெயித்து இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். தகுதிச் சுற்றில் இந்தியாவோடு இருந்த பர்மா, பிலிப்பைன்ஸ் போன்ற ஆசிய அணிகள் விலகிக்கொண்டன. மிச்சம் இருந்தது இந்தியா மட்டும்தான். ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே பிரேசிலுக்கு டிக்கெட் கிடைத்தது.

1950 மே மாதம் ரியோவில் குலுக்கல் நடந்தது. மூன்றாவது பிரிவில் ஸ்வீடன், இத்தாலி, பராகுவேயோடு இந்தியாவும் இருந்தது. போட்டி ஜூன் 24-ம் தேதி தொடங்கியது. அதற்குள் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ‘நாங்க வரலை’ என்று சொல்லிவிட்டது. அந்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

இந்தியா மட்டும்தான் பின்வாங்கியது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்து, துருக்கி, பிரான்ஸ் எல்லாம் போகவில்லை. 16 அணிகள் ஆட வேண்டிய உலகக் கோப்பையில் கடைசியில் ஆடியது 13 அணிகள்தான்.

அப்புறம் ஏன் போகவில்லை?

அப்போது சொல்லப்பட்ட காரணங்கள் பல. பயிற்சிக்கு நேரம் இல்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பிரேசில் ரொம்ப தூரம், செலவு அதிகம் என்று.

செலவு என்பது மட்டும் முழுக் காரணமாக இருக்க முடியாது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள பிரேசில் தயாராக இருந்தது. ஆசியாவிலிருந்து ஒரு அணி வந்தால் போட்டிக்கே மரியாதை என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு நம் உள்நாட்டு மேட்ச்கள் 70 நிமிடம்தான். உலகக் கோப்பையில் 90 நிமிடம் ஓட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு. உலகக் கோப்பை என்றால் என்ன என்றே இங்கே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அதுவரை நடந்தது மூன்றே மூன்று முறை: 1930, 1934, 1938. அப்புறம் உலகப் போரால் 12 வருஷ இடைவெளி. டி.வி. கிடையாது. பேப்பரிலும் பெரிதாக வராது. ஒலிம்பிக்தான் எல்லாம். சைலன் மன்னாவே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். வீரர்களான தங்களுக்கு ஒலிம்பிக் மட்டுமே கண்ணில் தெரிந்தது, உலகக் கோப்பையின் மதிப்பு தெரியவில்லை என்றார் அவர். வெறுங்கால் விஷயத்தை, உண்மையை மூட சம்மேளனம் சொன்ன சாக்கு என்றே அவர் எடுத்துக்கொண்டார். 1951 ஆசிய விளையாட்டிலும் 1952 ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவர் அவர். 2012-ல் காலமானார்.

பூட்ஸ் கதையை எப்படிச் சரிபார்ப்பது?

ரொம்ப சுலபம். 1952-ஐப் பாருங்கள்.

அந்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கேயும் நம் வீரர்கள் சிலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். பின்லாந்தின் குளிரில், யூகோஸ்லாவியாவுக்கு எதிராக. 10-1 என்று அடி வாங்கினோம். ஒரே கோலை அகமது கான் கடைசி நேரத்தில் அடித்தார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. அதைக் கட்டாயமாக்கியது நம் சம்மேளனம்தான்.

வெறுங்காலுக்கு இடமில்லை என்று 1950-ல் உலகக் கால்பந்தே கதவைச் சாத்தியிருந்தால், 1952-ல் எப்படி ஆட விட்டார்கள்? இந்த ஒரு கேள்விக்கு அந்த ஃபார்வர்டில் பதில் கிடையாது.

சரி, போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

‘கப் அடிச்சிருப்போம்’ என்று சொல்கிறவர்களை விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பிரிவு அப்படியொன்றும் எட்டாத உயரம் இல்லை. நடப்புச் சாம்பியன் இத்தாலிதான் பயமுறுத்தும் பெயர். 1949 மே 4-ம் தேதி டூரின் நகருக்குப் பக்கத்தில் சூபெர்கா மலையில் நடந்த விமான விபத்தில் டொரீனோ கிளப் அணி மொத்தமும் இறந்துபோனது. இத்தாலி தேசிய அணியின் முதுகெலும்பே அந்த கிளப்தான். அந்தப் பயத்தில் 1950-ல் இத்தாலி விமானம் ஏறாமல் கப்பலிலேயே பிரேசில் போனது. வாரக்கணக்கில் கடலில் கிடந்து வந்த அணி, முதல் மேட்ச்சிலேயே ஸ்வீடனிடம் 3-2 என்று தோற்றது. கோப்பை கனவு அங்கேயே போச்சு.

பராகுவே ஸ்வீடனோடு 2-2 டிரா செய்து, இத்தாலியிடம் 2-0 என்று தோற்று வெளியேறியது. ஸ்வீடன் கடைசியில் மூன்றாம் இடம் பிடித்தது. இந்தியா போயிருந்தால் ஸ்வீடனிடமும் இத்தாலியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் என்பதே என் கணிப்பு. ஆனாலும் மூன்று மேட்ச் ஆடியிருக்கும். பூட்ஸ் போட்டு, 90 நிமிடம் ஆடினால் என்ன ஆகும் என்பது ஹெல்சிங்கிக்கு இரண்டு வருஷம் முன்னாடியே தெரிந்திருக்கும்.

உண்மையான நஷ்டம் 1950 இல்லை

இதைத்தான் அந்த ஃபார்வர்ட் மறைத்துவிடுகிறது. 1950-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தியக் கால்பந்தின் பொற்காலமே அதுதான். பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அஜய் தேவ்கன் நடித்த ‘மைதான்’ படத்தின் நாயகன் இவர்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று ஜெயித்தது. நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. அரையிறுதிவரை போய் நான்காம் இடம்.

அந்த அணியில் ஒரு கோல்கீப்பர் இருந்தார். பீட்டர் தங்கராஜ். நல்ல உயரம். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் அணியில் ஆடி வளர்ந்தவர். ஆரம்பத்தில் பார்வர்டு, அப்புறம்தான் கோல்கீப்பர் ஆனார். 1955-லும் 1958-லும் அந்த ராணுவ அணி டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. கொல்கத்தாவின் பெரிய கிளப்கள் மோதும் கோப்பையை மலை மேலே இருக்கும் ஒரு ரெஜிமெண்ட் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. தமிழ்நாட்டில் இது பெரிதாகப் பேசப்படவே இல்லை என்பது ஆச்சரியம்தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. எதிரணி தென்கொரியா. இந்தியாவுக்கு எதிராகக் கத்தும் பெரும் கூட்டம். தலையில் தையலோடு ஜர்னைல் சிங், கோல் கம்பத்தில் தங்கராஜ். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கு ஒரு கோல் போட, 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். ரஹீம் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம்.

இப்படி ஒரு அணி கையில் இருந்தபோது, 1958 உலகக் கோப்பைக்கு இந்தியா விண்ணப்பிக்கவே இல்லை. 1962-க்கும் இல்லை. 1966-க்கும் இல்லை. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. காலில் பூட்ஸும் இருந்தது. இந்தியா முதன்முதலாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரு மேட்ச் ஆடியதே 1986 போட்டிக்காகத்தான். பிரேசில் டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லி 35 வருஷம் கழித்து.

ஜகார்த்தாவில் நம்மிடம் தோற்ற தென்கொரியா என்ன செய்தது? அவர்களுக்குப் போர் முடிந்தது 1953 ஜூலையில். அடுத்த வருஷமே ஸ்விட்சர்லாந்து உலகக் கோப்பைக்குப் போனார்கள். ஹங்கேரியிடம் 9-0, துருக்கியிடம் 7-0. கேவலமான தோல்விதான். ஆனாலும் முயற்சியை விடவில்லை. 1986-லிருந்து ஒரு உலகக் கோப்பையைக்கூட அவர்கள் தவறவிட்டதில்லை. 2002-ல் அரையிறுதிவரை போனார்கள். இந்த முறையும் இருக்கிறார்கள்.

இந்த முறை இந்தியாவுக்கு என்ன ஆனது?

இதிலும் ஒரு ‘பூட்ஸ் கதை’ தயாராகிவிட்டது. 2024 ஜூன் 11, தோஹா. கத்தாருக்கு எதிராகக் கடைசி மேட்ச். ஜெயித்தால் மூன்றாவது சுற்று. லாலியன்சுவாலா சாங்டே கோலால் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். 73-வது நிமிடத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுத்துவிட, கோலாகிவிட்டது. நடுவரும் கோல் கொடுத்துவிட்டார். வீடியோ ரெஃப்ரி வசதி கிடையாது. முடிவு 2-1, இந்தியா வெளியே.

அநியாயம்தான். மறுப்பதற்கில்லை. ஆனா அந்த மேட்ச் வரை நிலைமை ஏன் வந்தது? அதே வருஷம் மார்ச் 26-ம் தேதி குவாஹாட்டியில், நம் சொந்த ஊரில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோம். அதற்கு ஐந்து நாள் முன்னாடி அதே அணியோடு 0-0. ஒழுங்காக விளையாடக்கூட இடமில்லாத நாட்டு அணிக்கு எதிராக இரண்டு மேட்ச்சில் நாம் அடித்த ஒரே கோல், சுனில் சேத்ரியின் பெனால்டி. கத்தார் கோல் வீடியோ இன்னும் ஃபார்வர்ட் ஆகிறது. குவாஹாட்டி ஸ்கோரை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

ஜனத்தொகை பெரிது, அதனால் ஆள் கிடைப்பார்கள் என்ற பேச்சும் ஒவ்வொரு முறையும் வரும். இந்த உலகக் கோப்பையில் முதன்முறையாக ஆடப்போகும் நாடுகளில் ஒன்று குராசாவ். கரீபியன் கடலில் இருக்கும் தீவு. மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே சின்னது இதுதான். நம் விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்புப்படி 19 லட்சத்துக்கும் மேல். கேப் வெர்டே, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் ஆகியவையும் இந்த முறை புதுமுகங்கள். இதில் கடைசி இரண்டும் ஆசிய நாடுகள். அணிகள் 48 ஆனதால் ஆசியாவுக்கு நேரடியாக 8 இடம் கிடைத்திருக்கிறது.

மேட்ச் எப்போது பார்க்கலாம்?

அமெரிக்க நேரம் என்பதால் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவு, விடியற்காலைதான். மெக்சிகோ – தென்னாப்பிரிக்கா மோதும் தொடக்க ஆட்டம் இந்திய நேரப்படி ஜூன் 12 நள்ளிரவு 12.30 மணிக்கு. நியூஜெர்சியில் நடக்கும் இறுதிப் போட்டியும் ஜூலை 20 நள்ளிரவு 12.30-க்குத்தான். ஜூலை 19-ம் தேதி என்று காலண்டரில் குறித்து வைத்திருப்பவர்கள் கவனம். நம்ம ஊரில் அது ஞாயிறு ராத்திரி தூங்காமல் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற கணக்கு.