பெயருக்கு இட்ட வேலி

‘முன்னோர் செய்தனர், ஆதலின் நாமும் செய்கிறோம்’ என்னும் பேச்சு கோயில் வாயிலிலும் கல்யாணப் பந்தலிலும் மட்டுமே கேட்பது என்று எண்ணுவோர் பலர். அறிவியலின் பிள்ளையாகிய பெருங்கணினி வைத்த கூடத்திலும் அது கேட்கிறது. ஐ.பி.எம். பெருங்கணினியில் ஒரு கோப்புக்குப் பெயரிட வேண்டுமாயின், அப்பெயர் 44 எழுத்துக்கு மேற்படலாகாது. புள்ளியால் பிரிக்கப்படும் ஒவ்வொரு துண்டும் எட்டெழுத்தைத் தாண்டலாகாது. துண்டின் முதலில் இலக்கம் வருதலும் கூடாது. எழுத்து என்றது ஆங்கிலப் பேரெழுத்தும் இலக்கமும் சில குறிகளுமே. தமிழுக்கு அங்கு இடமில்லை. ஏன் எட்டு? ஏன் நாற்பத்து நான்கு? வங்கிகளின் பெருங்கணக்குகள் இன்றும் இவ்விதிக்குள் நடக்கின்றன. காரணம் கேட்டவர் சிலரே.

காரணத்தைக் காணக் கணிப்பொறிக்கு முற்பட்ட ஓர் ஏட்டை முதலில் நோக்குவோம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவருள் தமிழர் மிகப் பலர். தோட்டக் கணக்கின் உயிர்நாடி செக்ரோல். பெரட்டுக்கு வந்து நிற்போரின் பெயர் அதன் இடப்பக்கம் நிற்கும். அதையடுத்து மாதத்தின் நாள்தோறும் ஒரு கட்டம். அப்பால் கூலியும் பிடித்தமும். முப்பத்தொரு நாளைக் குறைக்க இயலாது, பிடித்தத்தைக் குறைக்கத் துரைக்கு மனம் வாராது. தாளின் அகலமோ ஓர் அளவினது. எனவே, குறுகுவது எது? பெயர்தான். கிராணியார் வேண்டுமென்றே வெட்டினார் என்று கூறுவதற்கில்லை. கோடிட்ட தாளே வெட்டிற்று.

அக்கட்டமே பின்னர்த் துளையட்டையில் குடியேறிற்று. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டையால் எண்ணினார். 1928இல் ஐ.பி.எம். வெளியிட்ட அட்டையில் 80 நிரல்கள், நிரலுக்கு ஓரெழுத்து. பெயருக்கு இருபதைக் கொடுத்தால் வயது, ஊர், கூலி அனைத்திற்கும் அறுபதே எஞ்சும்.

பொறியின் உள்ளமைப்பும் தன் பங்குக்கு வேலியிட்டது. 1954இல் வந்த ஐ.பி.எம். 704 பொறி 36 பிட்டுகளை ஒரு சொல்லாகக் கொண்டது. எழுத்துக்கு ஆறு பிட்டு எனின் ஒரு சொல்லில் ஆறெழுத்து. அப்பொறிக்கென 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் மாறியின் பெயருக்கு ஆறெழுத்தே எல்லையாயிற்று. பெயர் ஒரே சொல்லில் அடங்கினால், இரு பெயர்கள் ஒன்றா வேறா என்பதைப் பொறி ஒரே ஒப்பீட்டில் சொல்லிவிடும். ஏழாம் எழுத்து வந்தால் உழைப்பு இரட்டிக்கும். 1964இல் அறிவிக்கப்பட்ட 360 வரிசையிலோ எழுத்துக்கு ஒரு பைட்டு, சொல்லுக்கு நான்கு பைட்டு. இரு சொல் சேர்ந்தால் எட்டெழுத்து. அவ்வரிசையின் சிறு பொறிகளில் நினைவகம் ஏறக்குறைய 8,000 பைட்டிலிருந்தே தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

நாற்பத்து நான்கின் கதை இன்னும் சுவையானது. வட்டின் அட்டவணையில் கோப்பொன்றுக்கு 140 பைட்டுக் குறிப்பு உண்டு. அதன் முதல் 44 பைட்டு பெயருக்கு உரியது. ஐந்தெட்டு நாற்பதும் நடுவில் நான்கு புள்ளியும் அதில் சரியாக அமையும். பெயரைத் தேடும் வேலையை நடுப்பொறி செய்வதில்லை. சுழலும் வட்டின் பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியே அந்த 44 பைட்டை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். அதற்கு எல்லாப் பெயரும் ஒரே நீளமாய் இருத்தல் வேண்டும்; குறும்பெயரின் பின்னே வெற்றிடம் இட்டு நிரப்பினர். நினைவகம் பொன்னினும் அரிதாயிருந்த நாளில் இது கஞ்சத்தனமன்று, அறிவுடைமையே என்போம். மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்த ஐ.பி.எம். 370/155 பொறியும் இக்குடும்பத்ததே.

இனி, தோட்டத்துப் பெயர்களை இவ்வேலிக்குள் விட்டுப் பார்ப்போம். கோவிந்தசாமியை ஆங்கிலத்தில் பதினோரெழுத்தால் எழுதுவது வழக்கம். எட்டில் வெட்டினால் ‘கோவிந்தாஸ்’ மிஞ்சும். சாமி போனதில் நமக்கு வருத்தமில்லை; ஆள் மாறிப்போவதே கவலை! மாரியம்மாள் ஓரெழுத்தை இழந்து மாரியம்மா ஆவாள். தந்தை பெயருக்கு முன் மலேசியத் தமிழர் இடும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் குறிகளில் உள்ள சாய்கோட்டிற்குக் கோப்பின் பெயரில் இடமே இல்லை. ராமசாமிக்கு மட்டும் சரியாக எட்டெழுத்து.

இன்று நினைவகத்திற்குப் பஞ்சமில்லை. ஆயினும், பெயருக்கு 44 பைட்டு என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அறுபதாண்டுகளாய்க் குவிந்து கிடக்கின்றன. வேலியைப் பிடுங்கினால் அவை பிழைபடும் என்னும் அச்சத்தால் எல்லை நிற்கிறது. அவ்வச்சம் பொய்யன்று. எனினும் ஒரு மூலையில் வேலி சற்றே நகர்ந்தது. இப்பொறிகளில் பணிபுரிவோர் தம் நுழைபெயரோடு ஓரெழுத்தைச் சேர்த்துப் பணிக்குப் பெயரிடுவது வழக்கம். பணியின் பெயர் எட்டெழுத்தில் அடங்க வேண்டியிருந்ததால் ஆளின் பெயரை ஏழில் நிறுத்தியிருந்தனர். எட்டாம் எழுத்து 2017இல்தான் அளிக்கப்பட்டது. எட்டெழுத்து ராமசாமி தம் முழுப்பெயரோடு உள்ளே நுழைய அதுவரை வழியில்லை.