சார்லட்: 13 வாரத்தில் கரைந்த வால்நட்சத்திரம்

2015 ஜூலையில் ஜப்பான் டிவியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த அனிமே 'சார்லட்'. எழுதியவர் ஜுன் மயேடா, தயாரிப்பு பி.ஏ. ஒர்க்ஸ். ஹீரோ யூவுக்கு அடுத்தவர் உடம்புக்குள் ஐந்தே விநாடி புகும் சக்தி. அதை வைத்து பய பரீட்சையில் பிட் அடிக்கிறான்! (நம்ம ஆளுதான்.)

வால்நட்சத்திரத் தூசியால் பிள்ளைகளுக்கு வரும் சக்தி, வாரம் ஒன்றாகப் பொழுது போகிறது. பிறகு தங்கை ஆயுமி சாகிறாள். அடுத்த எபிசோடில் யூ உடைந்து போவதுதான் இந்தத் தொடரின் உச்சம். அந்த வலி ஆறுவதற்குள் அண்ணனின் காலப்பயண சக்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறான், தங்கை பிழைத்துவிடுகிறாள். அப்புறம் நாம அழுததுக்கு என்னங்க கணக்கு?

மயேடா வளர்ந்தது 'கீ' நிறுவனத்தின் விஷுவல் நாவல் கேம்களில். 2004-ல் வந்த 'கிளானட்' கேமை மணிக்கணக்காகப் படித்துப் படித்துத்தான் முடிக்க முடியும். அனிமேவாக வந்தபோதும் இரண்டு சீசன், 40-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். அழ வைக்க அவகாசம் இருந்தது. 2010-ல் அவர் நேராக டிவிக்கு எழுதிய 'ஏஞ்சல் பீட்ஸ்' 13 எபிசோடு. அதிலேயே மூச்சு முட்டியது. சார்லட்டுக்கும் அதே 13.

விளைவு, கடைசி எபிசோடு. உலகம் பூராவும் சுற்றி அத்தனை பேரின் சக்தியையும் பறித்து, நினைவிழந்து ஊர் திரும்புவதெல்லாம் இருபத்துச் சொச்சம் நிமிஷத்தில்! வருஷம் பூரா வவுச்சர் போடாமல் மார்ச் 31 ராத்திரி மொத்தமாக எழுதுவார்களே, அந்த மாதிரி. 2020-ல் மயேடா மறுபடி ஒரு தொடர் எழுதினார். இந்த முறை 12 எபிசோடு.