நோயாளியை எழுதி வைத்தவர்கள்

பூம்புகாரின் பட்டினப்பாக்கத்தில் ஆயுள்வேதர் குடியிருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். அதே இந்திரவிழவூரெடுத்த காதையில், வெள்ளிடை மன்றத்தில் காவலின்றிக் கிடந்த பொதிகளின் மீது உரியவர் பெயரும் எண்ணும் பொறித்திருந்ததையும் காண்கிறோம். பொதிக்கு எழுத்து இருந்தது. ஆயுள்வேதரை நாடி வந்தவர்களுக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டா என்று காப்பியம் பேசவில்லை.

11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு ஓர் ஆதுலர்சாலையை விவரிக்கிறது. 15 கட்டில்கள், மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், பணியாளர்களுக்குரிய நெல், இருப்பிலிருந்த மருந்துகளின் பெயர்கள் என அனைத்தும் அதில் உண்டு. ஆயினும் அது அறக்கட்டளையின் கணக்கு. படுத்திருந்தவர் யார், குணமடைந்தாரா என்பதைச் சொல்வது அதன் வேலையன்று.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியிடம்தான் இந்நிலை மாறக் காண்கிறோம். அவருடைய தன்வந்திரி மகாலில் தேர்ந்த மருந்து முறைகள் செய்யுளாக்கப்பட்டன; 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரில் அவை பின்னாளில் அச்சேறின. செய்யுள் மருந்தைக் காத்தது, நோயாளியைக் காக்கவில்லை. அதற்கென அவரது காலத்தில் வேறொரு பதிவு எழுந்தது. கண் நோயாளிகளின் விவரமும் சிகிச்சையின் போக்கும் தனித்தனியே எழுதப்பட்டன. கண்ணின் தோற்றம் வண்ண ஓவியமாகத் தீட்டப்பட்டது. சரசுவதி மகாலில் அவற்றை இன்றும் காணலாம். அடுத்து வரும் மருத்துவர் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்க பதிவுகள் அவை.

இவ்விரு மரபுகளையும் நினைவில் கொண்டால், கணினிப் பதிவைப் பற்றி மருத்துவர்கள் ஏன் இருவேறாகப் பேசுகிறார்கள் என்பது விளங்கும். உலக வங்கிக் கடனுதவியுடன் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் அரசு மருத்துவமனைகளுக்குக் கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. நடுவண் அரசு 2013-இல் மின்பதிவுக்கான தரவிதிகளை வெளியிட்டு 2016-இல் திருத்தியது. 2021-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடெங்கும் தொடங்கியது.

வரவேற்கும் மருத்துவர் சொல்வது எளியது. பூம்புகார் மீனவர் ஒருவர் மயிலாடுதுறைக்கும், அங்கிருந்து தஞ்சாவூருக்கும் அனுப்பப்படும்போது, கசங்கிய ஓ.பி. சீட்டு தொலைந்தாலும் அவருடைய சர்க்கரை அளவும் ஒவ்வாத மருந்தும் தொலையக்கூடாது. தயங்கும் மருத்துவருக்கும் நியாயம் உண்டு. வெளியே வரிசை நீள்கிறது; திரை கேட்கும் கட்டங்களை நிரப்புவதற்குள் நோயாளியின் முகம் பார்க்கும் நேரம் போய்விடுகிறது. நிரப்பியவை மேலிடத்து அறிக்கைக்கே பயன்படுமென்றால் அவர் திருமுக்கூடல் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தயக்கத்தைப் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்குவது சரியன்று. நெல்லுக்கும் மருந்துக்கும் கணக்கு வேண்டும். அதை எழுதவேண்டியவர் மருத்துவர்தானா என்பதே கேள்வி. சரபோஜியின் ஏடுகளில் இருப்பது போல, முன்பு பார்த்தவர் கண்டதை அடுத்தவருக்குக் காட்டும் பதிவாக அது அமைந்தால், தயங்குபவர்களும் விரும்பி எழுதுவார்கள் என்றே நாம் கருதுகிறோம்.