கர்ப்பப்பை இறக்கம் - கொஞ்சம் வரலாறு

தலைப்பைப் பார்த்ததும் "இது லேடீஸ் மேட்டர்"னு ஆண் பதிவர்கள் நழுவ வேண்டாம். உங்க வீட்டுலயும் அம்மா, அக்கா, மனைவின்னு யாராவது இருப்பாங்க இல்லையா? அவங்களுக்காகவாவது படிச்சிடுங்க.

எங்க அமராவதி நகர் பக்கம் பிரசவமான பொண்ணுக்குப் பத்தியம் உண்டு, வயித்துக்கட்டு உண்டு. ஆனா இருமினா, தும்மினா சிறுநீர் கசியுதுன்னு சொன்னா மட்டும், "புள்ள பெத்தா அப்படித்தான்"னு முடிச்சிடுவாங்க. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில ஷிப்ட் முழுக்க நின்னுக்கிட்டே செக்கிங் பார்க்கிற பொண்ணு இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவா?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழே இருந்து தாங்குறது இடுப்பின் அடித்தளத் தசைகள். தொட்டில் துணி மாதிரின்னு வெச்சுக்குங்க. கர்ப்பத்தின் சுமையிலும் பிரசவத்திலும் அது தளர்ந்தா கசிவு வரும். தாங்குற பிடிமானம் ரொம்பவே விட்டுப்போனா கர்ப்பப்பை கீழே இறங்கும். சிசேரியன் ஆனவங்களுக்கும் வரலாம்.

இப்ப வரலாறு. 1888-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் என்ற மருத்துவர் இறக்கத்துக்கு ஓர் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அதில் கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். அப்புறம் கரு தங்குவதில் சிக்கல் வரலாம். நம்ம நாட்டுலயோ, இன்னும் குழந்தை வேணும்ங்கற வயசுலயே இறக்கம் வந்த பெண்கள் இருந்தாங்க. அவங்களுக்காக பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர் (1899-1971), கர்ப்பப்பையை வெட்டாமல் பட்டை போட்டுத் தூக்கிக் கட்டும் முறையைக் கொண்டு வந்தார். கர்ப்பப்பை வாய்த் தையலுக்குப் பேர்போன அதே ஷிரோத்கர்தான்.

கத்தியே இல்லாத வழியை 1948-ல் எழுதினார் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல். தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, அவ்வளவுதான். எவ்வளவு இறுக்குறோம்னு அளக்க பெரினியோமீட்டர்னு ஒரு கருவியும் செஞ்சார்.

இதுல எனக்கு ஆதங்கம் என்னன்னா, ஆபரேஷன் நம்ம ஊருக்கு எப்பவோ வந்துடுச்சு. பைசா செலவில்லாத பயிற்சி மட்டும் வீட்டுக்கு வந்து சேரலை. செக்கப்புல எடை, பிரஷர், சத்து மாத்திரை எல்லாம் கேட்டாங்க. "கசிவு இருக்கா"ன்னு என்னையோ, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுங்களையோ ஒருத்தரும் கேட்டதில்லை.

செய்முறை சுலபம். காத்துப் பிரியறதை அடக்குற மாதிரி உள்ளே இறுக்கி, சில விநாடி வெச்சிருந்து விடணும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 தடவை, தினம் 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீங்க. கர்ப்ப காலத்திலேயே கத்துக்கிட்டா பின்னாடி கசிவு வர்ற வாய்ப்பு குறையும். தையல் போட்டவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. ஏதோ கீழே இறங்குற மாதிரி இருந்தா காட்டியே ஆகணும், வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இதை உங்க ஊர்ல என்ன பேர் சொல்லுவாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் வெச்சுப் பேச ஆரம்பிச்சாத்தானே கேக்கறதுக்குத் தைரியம் வரும்!