சக்கரம் சாய்ந்த கதை: ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வீல் அலைன்மென்ட்டும்

தாம்பரத்தில் இருந்து வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் "வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங் செய்யப்படும்" என்ற போர்டுகளைப் பார்க்காமல் போக முடியாது. கார் வைத்திருக்கும் பலருக்கு இது சர்வீஸ் பில்லில் வரும் ஒரு வரி, அவ்வளவுதான். "தேவையில்லாமல் காசு பிடுங்குகிறார்கள்" என்று அலுத்துக் கொள்பவர்களும் உண்டு. ஆனால் இதே சாலையில், வண்டலூர் அருகே தயாரான ஒரு சின்னக் காரின் பின்பக்க அமைப்பையே இந்தச் சக்கர விவகாரம் மாற்றிவிட்டது என்பது இன்று பலருக்குத் தெரியாது. அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

அலைன்மென்ட் என்றால் என்ன?

கதைக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை. ஒரு காரின் சக்கரங்கள் எந்தத் திசையை நோக்கி, எவ்வளவு சாய்வாக நிற்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கிறார். அதைச் சரிபார்த்து, மாறியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டு வருவதுதான் வீல் அலைன்மென்ட். இதில் மூன்று அளவுகள் முக்கியம்.

மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது 'டோ'. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது 'கேம்பர்'. ஸ்டியரிங் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்க முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. பேலன்சிங் என்பது வேறு வேலை. அது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது.

சின்ன அளவுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. மட்டும் கூடுதலாக உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். சிறிய கார் டயரின் விட்டம் சுமார் 500 மி.மீ. 3-ஐ 500-ஆல் வகுத்தால் 0.006. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு டயர்களும் சேர்ந்து 6 மீட்டர் பக்கவாட்டில் தார் ரோட்டில் உரசுகின்றன. தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு சுமார் 30 கி.மீ. அங்கே போய்ச் சேர்வதற்குள் 180 மீட்டர் உரசல், ஒரு டயருக்கு 90 மீட்டர்! டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

குதிரை வண்டிக் காலத்துக் கவலை

இந்தக் கவலை கார் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிபக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த வண்டி தயாரிப்பாளர் லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் அக்கர்மன். இவர் லண்டனில் புத்தகமும் அச்சுப் படங்களும் விற்றவர்! இன்றும் அந்த அமைப்பு 'அக்கர்மன் ஸ்டியரிங்' என்றே அழைக்கப்படுகிறது. கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

வண்டலூரின் சின்னக் கார்

1940-களின் இறுதியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. முதலில் வான்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்று கார்கள் வந்தன. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் அறிமுகமான கார், 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் வண்டலூரில் தயாரானது.

அம்பாஸடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் அது. மூன்றில் ஹெரால்ட்தான் ஸ்டைலான கார். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உருவம். 948 சி.சி. இன்ஜின். பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். குறுகலான தெருக்களில் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லவே வேண்டாம். வேறு எந்த நாட்டிலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னர் இங்கே வந்தது.

பின் சக்கரத்தில் வந்த சிக்கல்

அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் இருந்தன. அச்சு வளையாத வரை சக்கரம் சாய வழியில்லை. ஹெரால்டில் அப்படி இல்லை. 'ஸ்விங் ஆக்சில்' என்ற அமைப்பில், நடுவில் உள்ள டிஃபரென்ஷியலில் இருந்து இரண்டு பக்கமும் தனித்தனி அச்சுகள் கீல் போட்ட கதவு மாதிரி மேலும் கீழும் அசையும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாதிக்கப்படாது. பயணம் சொகுசாக இருக்கும்.

ஆனால் சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் கேம்பரும் மாறும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஏறி, டிக்கியில் மூட்டையும் வைத்தால், பின் சக்கரங்கள் கால் அகட்டி நிற்பது போல் ஆகிவிடும். டயரின் உள்விளிம்பு தேயும். குறுக்கே போட்டிருக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் வயதாகித் தொய்ந்து போனால், கார் காலியாக நிற்கும்போதே சக்கரம் சாய்ந்து நிற்கும். வேகமாக வளைவில் திரும்பிப் பின்பக்கம் தூக்கினால், சக்கரம் எதிர்ப்பக்கமாக உள்ளே மடங்கப் பார்க்கும். இதைச் சரியாக வைத்திருக்க ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். பின் சக்கரங்களின் டோவையும் மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் நூல் பிடித்து, டேப் வைத்து அளந்து பழகிய கைகளுக்கு இது புது வேலை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1960-இல் வந்த செவ்ரோலெ கார்வேர் காரிலும் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில்தான். அதில் முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு என்று காற்று வைத்தால்தான் கார் ஒழுங்காகத் திரும்பும். காற்று அடிப்பவர் எல்லோருக்கும் இது தெரியுமா? ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் இந்தக் காரை வைத்துத்தான் தொடங்குகிறது. அதே ஆண்டு மாடலில் அந்த நிறுவனம் பின்பக்க அமைப்பை மாற்றிவிட்டது.

கெசல் சொன்ன பதில்

வண்டலூரிலும் அதுவே நடந்தது. ஸ்விங் ஆக்சில் இங்குள்ள உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக 'கெசல்' வந்தபோது, பின்பக்கம் அம்பாஸடர் போலவே ஒரே இரும்பு அச்சு. இன்ஜின் அதே 948 சி.சி.

இதைப் பின்னடைவு என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். கார் வாங்கும் விலை ஒரே முறைதான். டயர், ஸ்பிரிங், மெக்கானிக் கூலி எல்லாம் கார் இருக்கும் வரை வரும் செலவு. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்ய முடியாத ஒரு நல்ல தொழில்நுட்பம், வாங்கியவர் தலையில்தான் விடியும்.

இருந்தாலும் கெசலால் நிறுவனத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1977-இல் அதன் தயாரிப்பு நின்றது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 சொகுசுக் காரும் 1988-உடன் முடிந்தது. தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இன்றைய சின்னக் கார்கள்

1983-இல் மாருதி 800, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ, 2010-இல் மறைமலை நகரில் இருந்து ஃபோர்டு ஃபிகோ (அங்கே கார் உற்பத்தி 2022 ஜூலையில் நின்றது) என்று சின்னக் கார்கள் பல வந்தன. இவை எல்லாவற்றிலும் பின் சக்கரங்களை ஒரு குறுக்கு அச்சு பிணைத்திருக்கிறது. தொழில்நுட்பம் வேறு வேறு, ஆனால் பின்பக்கக் கோணம் தெரு மெக்கானிக்கின் கையில் விடப்படவில்லை. முன்பக்கத்திலும் பெரும்பாலும் டோவை மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் மாறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம்.

எனவே கம்ப்யூட்டரில் பார்க்கும் கடையில் இரண்டு விஷயங்களைக் கேட்பது நல்லது. ஒன்று, வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்ட். இரண்டு, தங்கள் காரில் எந்த அளவைத் திருத்த முடியும் என்ற விவரம். பொதுவாக 5,000 கி.மீ.க்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அதுவரை காத்திருக்கக் கூடாது.

ஹெரால்டைப் பழைய கார் கண்காட்சிகளில் இன்றும் பார்க்கலாம். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். பார்க்க நேர்ந்தால் ஒரு நிமிடம் பின்பக்கம் போய் நின்று சக்கரங்களைக் கவனியுங்கள். நேராக நின்றால், அந்தக் காரை வைத்திருப்பவர் நன்றாகப் பராமரிக்கிறார் என்று தெரிந்து கொள்ளலாம்.