கூரையேறிய கல்நார்

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பெரும்பாலும் ஒரே உருவில்தான் காணப்படுகிறது: அலையலையாக வளைந்த சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட். ஆட்டுக்கொட்டில், டீக்கடைத் தாழ்வாரம், மாவு மில், பட்டறை, வீட்டின் பின்கட்டு எனக் கண்ட இடமெல்லாம் அது இருக்கிறது. பேச்சில் அதற்கு ஆஸ்பெட்டாஸ் என்று பெயர். கடைக்காரருக்கு வெறும் 'ஷீட்'.

மேலைநாட்டுக் கட்டடங்களில் கல்நார் இருக்கும் விதம் வேறு. அங்கே அது சுவரிலும் உத்திரத்திலும் பஞ்சுபோல் தெளிக்கப்பட்ட காப்புப் பூச்சாகவும், கொதிகலன் குழாய்களைச் சுற்றிய போர்வையாகவும் இருந்தது. விரலால் நெருடினாலே தூளாகிவிடும் சரக்கு அது. சிமெண்ட் ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார்; மீதியெல்லாம் சிமெண்டும், பிற்காலத்தில் சேர்ந்த அனல்மின் நிலையச் சாம்பலும். புது ஷீட் தன் நாரை எளிதில் விடுவதில்லை. சிமெண்டுக்கு வயதாகி மேற்பரப்பு அரிக்கப்படும்போதுதான் கதை மாறுகிறது.

இந்தக் கூரை வருவதற்கு முன் கரிசல் மண்ணும் செவலும் கலந்த இப்பகுதியில் வீட்டை அதன் தலையை வைத்தே அடையாளம் சொன்னார்கள். பனையோலையோ சோளத்தட்டையோ வேய்ந்தது கூரை வீடு. நாட்டு ஓடோ, பின்னர் வந்த சீமை ஓடோ போட்டது ஓட்டு வீடு. வசதியுள்ளவர்களுக்கு மச்சு வீடு. கூரை வீட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். அதைவிடப் பெரிய கவலை தீ. பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும் ஓலையில் ஓர் அடுப்புப் பொறி விழுந்தால் ஒரு வீடு மட்டும் எரிவதில்லை, தெருவே எரியும். இதை நினைவில் வைக்காமல் சிமெண்ட் ஷீட்டின் வரலாற்றைப் படித்தால், விஷத்தைத் தெரிந்தே ஏழைகள் தலையில் ஏற்றிய கதையாக மட்டும் அது தெரியும். உண்மை அவ்வளவு நேரானதல்ல.

நாரையும் சிமெண்டையும் நீரில் கரைத்து, காகிதம் செய்வதைப்போல் மெல்லிய படலங்களாக எடுத்து, அடுக்கி அழுத்தித் தகடாக்கும் முறையை உருவாக்கியவர் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவுக்கு இந்தத் தொழில் 1934இல் வந்தது. பிரிட்டனின் டர்னர் அண்டு நியூவால் குழுமத்தின் கிளையாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் லிமிடெட் அப்போது தொடங்கப்பட்டது. பின்னாளில் எவரெஸ்ட் என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. கோவையை அடுத்த போத்தனூரில் அதன் ஆலை 1950களில் எழுந்தது.

இந்த 1934 என்ற ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே குழுமத்தின் ராச்டேல் ஆலையில் நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் நுரையீரல் நோயால் இறந்தார். அவர் உடலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக் அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வைத்தார். 1930இல் தொழிற்சாலை ஆய்வாளர்களான மெரிவெதரும் பிரைசும் இதைப் பற்றிப் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளித்தனர். 1931இல் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. ஆகவே ஷீட் ஆலை இந்தியாவில் கால் வைத்தபோது, நார்த்தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் என்பது தொழில் நடத்தியவர்களுக்குத் தெரிந்த செய்திதான். புற்றுநோய்த் தொடர்பு துலங்கக் கூடுதல் காலம் பிடித்தது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவைத் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் கல்நாரின் ஒரு வகையான நீலக் கல்நாருடன் மருத்துவ ஆய்வாளர் வாக்னரின் குழுவினர் இணைத்துக் காட்டியது 1960இல். நாரை மூச்சில் இழுத்ததற்கும் இந்த நோய் தலைகாட்டுவதற்கும் இடையே இருபது முதல் நாற்பது ஆண்டுகள் செல்லும். எந்த நாட்டிலும் விழிப்பு தாமதமாக வந்ததற்கு இந்த நீண்ட இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

டி. கல்லுப்பட்டிக்கு இந்தச் செய்திகளில் எதுவும் அப்போது எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஊர் வேறொன்றுக்குப் பெயர்பெற்றிருந்தது. 1940இல் தொடங்கிய காந்திநிகேதன் ஆசிரமம் இங்கே இருக்கிறது. கிராமத்தின் தேவையைக் கிராமத்துப் பொருளிலேயே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்று வாதிட்ட பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அந்த ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30இல் அவர் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1967இல், ராம்கோ குழுமத்தின் ஷீட் ஆலை அரக்கோணத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் குழுமத்தின் தாய்வீடு ராஜபாளையம், திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி வழியாகப் போகும் அதே சாலையில் தெற்கே இருக்கிற ஊர். பனையும் சோளத்தட்டையும் உள்ளூரில் விளைந்தவை. ஷீட்டின் நாரோ கனடா, ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் எனக் கடல் கடந்து வந்தது. ஆந்திரத்தின் புலிவெந்துலாப் பக்கமும் ராஜஸ்தானிலும் கல்நார் வெட்டப்பட்டதுண்டு. 1986க்குப் பிறகு இந்திய அரசு புதுச் சுரங்கக் குத்தகை தருவதை நிறுத்தியது. இறக்குமதி மட்டும் நிற்கவில்லை: தன் மண்ணில் தோண்ட வேண்டாம் என்று கைவிட்ட பொருளைக் கப்பலில் வரவழைக்கும் விசித்திரம் அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிறது.

கூரை வீட்டிலிருந்து ஷீட் வீட்டுக்கு மாறியது ஒரே நாளில் நடந்ததல்ல. தீயும் கரையானும் தீண்டாத, இரண்டே நாளில் மாட்டி முடிக்கக்கூடிய கூரையாக அது ஏற்றம் பெற்றது. அந்த மாற்றத்தைக் கடைசியாக உந்தித் தள்ளியவை தீ விபத்துகள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ பள்ளியின் கீற்றுக் கொட்டகைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது. மாநிலமெங்கும் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. காங்கிரீட் போட முடியாத பள்ளிகளுக்கு அவசரத்தில் கைக்கு எட்டியது ஷீட். அந்த ஆணையில் தவறு காண முடியாது. 94 பிணங்களுக்குப் பிறகு வேறு எந்த முடிவும் எடுத்திருக்க முடியாது. ஆனால் கீற்றின் இடத்துக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்ற வேண்டும் என்று மனித உரிமை ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது.

சட்டம் இந்தப் பொருளைத் தொழிற்சாலைக்குள் நன்றாகவே அடையாளம் கண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆஸ்பெஸ்டோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக வைத்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அதன் பிறகு முழுத் தடை கேட்டுப் போடப்பட்ட மனுவை அதே நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. இத்தனையும் ஆலை வாசலோடு முடிகின்றன. லாரியில் ஏறிய ஷீட்டுக்கும், இருபது வருடம் கழித்து அதைப் பிரிக்கும் கூலியாளுக்கும் பதிவேடு இல்லை. அமெரிக்கா 1986லேயே ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டடத்தில் கல்நார் எங்கே இருக்கிறது என்று ஆய்ந்து குறித்துவைக்கவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவும் சட்டம் செய்தது. பிரிட்டனில் குடியிருப்பல்லாத கட்டடங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடமை 2004 முதல் உண்டு. இந்தியாவில் கட்டடத்துக்கு இப்படி ஒரு கணக்கு கேட்கும் சட்டம் இல்லை.

ஷீட் நொறுங்குவது மேலிருந்து தொடங்குகிறது. மழைநீர் சிமெண்டின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பாசி படிந்து வேர் பிடிக்கும். மதுரைச் சமவெளியின் வெயிலில் பகலெல்லாம் காய்ந்து திடீர் மழையில் நனையும் தகட்டில் மயிரிழை விரிசல்கள் ஓடும். மேற்பரப்பில் வெளுத்த துகள்கள் உதிரத் தொடங்கினால் நார் வெளியே தலைநீட்டிவிட்டது என்று கொள்ளலாம். மழையில் அந்தத் துகள் கூரை விளிம்பின் கீழ் மண்ணில் சேர்கிறது. குரங்கு குதிப்பதும், தேங்காய் விழுவதும், ஆண்டெனாவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆள் ஏறுவதும் மிச்ச வேலையை முடிக்கும். மட்கிய ஷீட்டின் மேல் காலை வைத்தவர் உடைத்துக்கொண்டு கீழே விழுந்து சாவது நுரையீரல் நோயைவிட உடனடியான ஆபத்து. குறுக்குப் பலகை போட்டு, அடியில் கூரைச் சட்டம் இருக்கும் இடம் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

இந்த நிலையில் எதைச் செய்வது என்பதில் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. ஷீட் முழுசாக இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது. மின்விசிறிக் கொக்கிக்கும் வயருக்கும் அதில் ஓட்டை போடக்கூடாது. மேற்பரப்பு உதிரத் தொடங்கியிருந்தால் பூச்சிட்டு நாரைச் சிறைப்படுத்தலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயிண்டர் வழக்கப்படி முதலில் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவார், அல்லது பிரஷர் பம்பால் அடித்துக் கழுவுவார். இரண்டும் பூச்சு அடக்க வேண்டிய நாரையே கிளப்பிவிடும். சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, காரம் தாங்கும் பிரைமர் அடித்து அதன்மேல் பூச வேண்டும். வெயிலுக்காக வெள்ளையடிப்பவர்கள் இப்படிச் செய்தால் ஒரே செலவில் இரண்டு வேலையும் முடியும். அடுத்த வழி மூடுவது: கீழே பொய்க்கூரை, அல்லது சட்டம் எடை தாங்குமானால் மேலே உலோகத் தகடு.

பிரித்து எடுப்பது கடைசி வழி. அதற்கு ஷீட்டை நனைத்துக்கொண்டே அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே-கொக்கிகளை வெட்டி, தகட்டை உடைக்காமல் முழுசாகக் கையால் இறக்க வேண்டும். மேலிருந்து வீசக்கூடாது. அறுப்பதானால் ஈரத்தில், கையிரம்பத்தால் மட்டும். கிரைண்டர் கூடவே கூடாது. மூக்கில் கட்டிய துண்டு நாரைத் தடுக்காது, அதற்கென உள்ள சுவாசக் கவசம் தேவை. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது; கணவரின் சட்டையைத் துவைத்ததால் மட்டுமே நோய் கண்ட பெண்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் உண்டு. இந்த விதிகளுக்கும் ஊர்ப் பழக்கத்துக்கும் இடையே காலமும் பகையாகிறது. ஐப்பசி மழைக்கு முன் கூரையைச் சரிசெய்ய வேண்டும் என்பதால் வேலை கோடையிலும் ஆடிக் காற்றிலும் நடக்கிறது. ஆண்டிலேயே தூசி அதிகம் பறக்கும் மாதங்கள் அவை.

பிரித்த ஷீட் எங்கே போகிறது என்பது கடைசிக் கேள்வி. விதிப்படி இரட்டைப் பாலித்தீனில் சுற்றி, குறியிட்டு, அபாயக் கழிவு நிலத்தில் புதைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் அத்தகைய நிலங்கள் உள்ளன. அவை ஆலைகள் லாரி லாரியாக அனுப்பும் கழிவுக்கு ஏற்பட்டவை, பத்து ஷீட் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அல்ல. 2006இல் கல்நார் பொதிந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளமென்சோ குஜராத்தின் அலாங் கரைக்கு உடைக்க வந்துகொண்டிருந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது; பாதி வழியில் கப்பல் திரும்பியது. தெருவில் உடையும் ஷீட்டுக்கு அந்தக் கவனம் ஒருநாளும் கிடைத்ததில்லை. கழிவு சேராதபடி நாரின் வரவையே நிறுத்துவதும் எளிதல்ல. இலங்கை கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முனைந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி, கல்நார் விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்த, இலங்கை அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

இப்போது புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள் பெரும்பாலும் கலர் ஷீட் எனப்படும் உலோகத் தகட்டையே கேட்கிறார்கள். நுரையீரலை நினைத்து வந்த மாற்றமல்ல இது. எடை குறைவு, உடையாது, பார்வைக்கு நன்று என்பதால் வந்தது. கழற்றிய பழைய ஷீட்டுக்கு இன்னும் விலை இருக்கிறது. உடையாதது பழைய சாமான் கடை வழியாக வேறொரு மாட்டுக்கொட்டிலின் தலையில் ஏறுகிறது. உடைந்த துண்டுகள் கோழிக்கூண்டுக்கு மறைப்பாகவும், பள்ளமான பாதைக்கு நிரப்பாகவும் போகின்றன. பாதையில் கொட்டிய துண்டுகள் வண்டிச் சக்கரத்தில் அரைபடும்போது, சிமெண்டுக்குள் பல ஆண்டு கட்டுண்டிருந்த நார் முழுதாக விடுபடுகிறது.