எனது, நமது, தமது: உடைமை காட்டும் மூவிடப்பெயர்கள்

ஒரு பொருள் இன்னாருக்கு உரியது என்பதைக் காட்டும் மூவிடப்பெயர் வடிவங்களைத் தமிழ் இலக்கணம் ஆறாம் வேற்றுமையில் வைத்துப் பேசுகிறது. நான், நீ, நாம், நாங்கள், தான் என்பவை என், உன், நம், எங்கள், தன் எனத் திரிந்தாலே உடைமைப் பொருள் வந்துவிடும். அவன், அவள், அவர் திரிவதில்லை. வேண்டுமானால் ‘அது’, ‘உடைய’ சேரும்: என் காணி, எனது காணி, என்னுடைய காணி. பின்னால் பெயர் இல்லாதபோது ‘என்னுடையது’ என்று வரும். இலங்கை மலையகத்தில் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதைக் கேட்கலாம்: “இது யாரு கொழுந்து?” “என்னோடது.” யாழ்ப்பாணத்தார் என்ர, எங்கட என்பதை மலையகத்தார் என்னோட, எங்க என்பார்கள், தமிழகத்திலிருந்து வந்த முன்னோரின் வழக்கு அது.

நம், எங்கள் என்ற பிரிவு தமிழின் பெருஞ்செல்வம். தெமோதரைத் தொழிலாளி பக்கத்து லயத்துக்காரரிடம் (லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடு) “நம்ம தோட்டம்” என்பார். பதுளை டவுனிலிருந்து வந்தவரிடம் “எங்க தோட்டம்” என்பார். கேட்பவர் உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். அயல்மொழியான சிங்களத்தில் இரண்டுக்கும் ‘அப்பே’ ஒன்றுதான். பேச்சில் அம்மா, அப்பா போன்ற உறவுப் பெயர்களுக்கு முன் பன்மையே இயல்பு: உடன்பிறப்பு இல்லாத பிள்ளையும் “எங்க அம்மா” என்றே சொல்லும்.

13-ஆம் நூற்றாண்டு நன்னூல் ஒருமை உடைமைக்கு அது, ஆது என்றும் பன்மைக்கு அ என்றும் உருபு வகுத்தது: எனது கை, என கைகள். இன்று ‘எனது கைகள்’ என்பதே வழக்கு. உயர்திணை உடைமைக்கு ‘அது’ வருவதைத் தொல்காப்பிய மரபு ஏற்கவில்லை. ஆகவே ‘எனது மகன்’ என்பதைவிட ‘என் மகன்’ நல்லது.

பிரியாத உடைமை தற்கிழமை (என் கை). பிரியக்கூடியது பிறிதின்கிழமை (என் கூடை). சொல்வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் சொல்லில் உள்ள உடைமை எப்போதும் சட்டத்தில் இருப்பதில்லை: தலைமுறை தலைமுறையாக “எங்க லயம்” என்று சொல்லிவரும் பெரும்பாலான குடும்பங்களிடம் தாம் குடியிருக்கும் லயக் காம்பராவுக்கு (அறைக்கு) உறுதிப் பத்திரம் கிடையாது. இலக்கணம் தரும் கிழமையை, அதாவது உரிமையை, காணிச் சட்டம் அவர்களுக்கு இன்னும் தரவில்லை.

எழுத்தில் அதிகம் வழுக்குவது ‘தன்’. அது எழுவாயையே சுட்டும்: “கங்காணி தன் குடையை எடுத்தார்” என்றால் குடை கங்காணியுடையது, “கங்காணி அவர் குடையை எடுத்தார்” என்றால் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். எழுவாய் பன்மையானால் தம், தமது, தங்கள் வரவேண்டும். “தொழிலாளர்கள் தனது சம்பளத்தைக் கேட்டனர்” என்று செய்திகளில் வருவது பிழை. “தமது சம்பளத்தை” என்பதே சரி.